மனப்பாட மேஸ்ட்ரோ

மேடை விளிம்பில், பாடகர்களின் கால்மட்டத்தில் ஒரு பொந்து. அதற்குள் உட்கார்ந்து, பாடுகிறவர்களுக்கு முந்திக்கொண்டு அடியெடுத்துக் கொடுப்பதுதான் முப்பத்தொரு வருஷமாக ஓவிதியோவின் பிழைப்பு. இந்தப் பருவத்தோடு அந்தப் பொந்தைப் பலகை அடித்து மூடிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார், வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று கோல் வீசி அந்த ஒபேரா இசைநாடகத்தை நடத்தப் புதிதாக வந்த சந்தினெல்லி.

சந்தினெல்லி பியானோவில் பேர் வாங்கியவர். மிலான் முதல் வியன்னா வரை சுவரொட்டியில் அவர் மூஞ்சிதான். பத்து விரலும் சொன்னபடி கேட்டதால் மனுஷரும் கேட்பார்கள் என்று நினைத்துவிட்டார். பியானோவுக்குத் தொண்டை கட்டாது, மூச்சு வாங்காது, பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வராது. இதையெல்லாம் அவருக்கு யார் சொல்வது?

முதல் ஒத்திகையிலேயே முன்னால் இருந்த, இசைக்குறிப்பு அச்சிட்ட நோட்ஸ் புத்தகத்தை எடுத்துப்போகச் சொன்னார்.

"எனக்கு எல்லாம் மனப்பாடம். கச்சேரியில எவனாவது புத்தகத்தப் பாத்து வாசிப்பானா?"

"அங்க நீங்க ஒரு ஆளு, மேஸ்ட்ரோ. இங்க நூறு பேரு இருக்கோம்," என்றார் ஓவிதியோ.

"நூறு பேருக்கும் சேத்துத்தான் நான் இருக்கேன். நீங்க வீட்டுக்குப் போயி தக்காளி நடுங்க, பெரியவரே."

நாயகனாகப் பாடும் நெல்லோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மூன்றாம் அங்கத்தில் நாலு பக்கம் அவர் தொண்டைக்கு ஏறவில்லை. வெட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் தாளில் அந்தப் பக்கங்களை நீலப் பென்சிலால் அடித்துக்கொண்டார்கள். சந்தினெல்லி தலையை ஆட்டினார். அடித்துக்கொள்ள அவரிடம்தான் புத்தகமே இல்லையே.

முதல் நாள் அரங்கேற்றம். மூன்றாம் அங்கம். வாத்தியங்கள் நாலு பக்கம் தாண்டிக் குதித்தன. சந்தினெல்லியின் கோல் மட்டும் வெட்டிய பக்கத்திலேயே ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பாதிப் பேர் கோலைப் பார்த்து நிறுத்தினார்கள், பாதிப் பேர் தாளைப் பார்த்து வாசித்தார்கள். நெல்லோ வாயைத் திறந்தபடி நின்றார்.

மேல்மாடியிலிருந்து சீட்டி கிளம்பியது. அந்த ஊரில் சீட்டி பாராட்டு இல்லை, காறித் துப்புவதற்குச் சமம்.

"போயி உன் பெட்டியவே தட்டுய்யா," என்று ஒரு குரல்.

விட்டுவிட்டால் என்ன என்று ஓவிதியோவுக்குத் தோன்றியது. ஆள் இன்றோடு தொலைவான், பொந்து தப்பிக்கும். ஆனால் சீட்டி நெல்லோவுக்கும் சேர்த்தல்லவா விழுகிறது? கையைப் பொந்துக்கு வெளியே நீட்டித் தாளம் போட்டு, தொண்டை கிழிய அடியைச் சொன்னார். நெல்லோ பிடித்துக்கொண்டார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு முதல் வயலின்காரி வில்லை ஓங்கினாள். அவள் பின்னால் மற்றவர்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர் சந்தினெல்லி.

திரை விழுந்ததும் நெஞ்சில் கை வைத்து ஏழு தடவை குனிந்தார். பிறகு நடையில் ஓவிதியோவை நிறுத்தினார்.

"நெல்லோ தடுமாறிட்டாரு, பாத்தீங்கள்ல? நல்லவேளை, நான் தூக்கி நிறுத்துனேன்."

"பாத்தேன், மேஸ்ட்ரோ. கீழ இருந்து எல்லாம் நல்லாத் தெரியும்."

சந்தினெல்லி வேறு பக்கம் பார்த்தார். "அந்தப் பொந்து... இருந்துட்டுப் போகட்டும்."

மறு காட்சிக்கு அவர் ஏறி நின்றபோது எதிரே நோட்ஸ் புத்தகம் விரிந்து கிடந்தது. வெட்டிய நாலு பக்கத்தையும் புரளாதபடி சேர்த்து, ஓவிதியோ வீட்டுக் கொடியில் துணி காயப்போடும் மரக் கிளிப் இரண்டு மாட்டியிருந்தது. சந்தினெல்லி அதைத் தொடவில்லை. விரலை எச்சில் தொட்டுத் தொட்டு, முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகப் புரட்டினார்.