பலகை மேல் மிளகு

கரண்டுக்குக் கூடுதலாகக் கட்டுகிறேன் என்று தானாகப் போய்ப் பெயர் கொடுக்கிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். முரளி சார் வந்து சொன்னபோது எங்கள் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. அவர் கீழே நகரத்து மின் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அங்கே பசுமை மின்சாரம் என்று ஒரு திட்டமாம். கட்டாயம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் சேரலாம். சேர்ந்தவர்கள் மாதாமாதம் பில்லில் கொஞ்சம் சேர்த்துக் கட்டுவார்கள். அதற்கு ஈடாக, அவர்கள் வீட்டில் செலவாகிற அளவு மின்சாரத்தை நிறுவனம் வெயிலிலிருந்து எடுத்துக் கம்பியில் விடும்.

"சந்தையில எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் கேப்பாங்க. இவங்க கூட்டிக் குடுக்கறாங்களாமே," என்று பொன்னாயி அத்தை அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம்.

அந்த வெயிலைப் பிடிக்க முரளி சார் கண்டுபிடித்த இடம் எங்கள் பாறை. மலை மேல் திருப்புலி நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊரை ஒட்டி, யானை படுத்த மாதிரி அகலமாகக் கிடக்கும். மரம் வெட்ட வேண்டாம், மரவள்ளிக் காடு பாழாகாது, சோலார் பலகைக்கு வெளிச்சம்தான் முக்கியம், சூடு ஆகாது, அதனால் மலைக் குளிர் நல்லது என்றெல்லாம் விளக்கினாராம். அந்தக் கடைசிப் பேச்சை ஊர் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பேசி முடித்து, எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டிருக்கிறார். ஊரே ஒரே குரலில், "பாக்கலாமுங்க," என்றது.

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தனை வளைவு ஏறி நம் வாசலுக்கு வந்து நிற்கிறவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று எங்கள் ஊரில் சொல்ல மாட்டோம். சொன்னால் அவரை வாசலிலிருந்து பிடித்துத் தள்ளின மாதிரி. "பாக்கலாமுங்க" என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். முரளி சார் டீயைக் குடித்தார், சந்தோஷமாகக் கும்பிட்டார், அடுத்த மாதம் லாரியோடு வந்துவிட்டார். வந்த லாரியை எப்படித் திருப்பி அனுப்புவது? ஆண்கள் எல்லாம் சேர்ந்து பலகையை இறக்கியே கொடுத்தார்கள்.

அப்போது நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருந்தேன். என் மகள் தேன்மொழி இங்கே என் அம்மாவிடம். பலகைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே ஒரு ஆள் வேண்டும் என்று முரளி சார் கேட்க, அம்மா என் பெயரைச் சொல்லிவிட்டது. காலையில் பலகைகளைக் கழுவித் துடைக்க வேண்டும், சாயங்காலம் ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும், ஆடு ஏறாமல் வேலி கட்ட வேண்டும். நடுவில் என் காட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலே, ராத்திரியில் என் பிள்ளை என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கும். இந்த வேலைக்காக நான் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவேன்.

மழைக்காலம் முழுக்க முரளி சார் குறை சொல்லவில்லை. தை பிறந்து, மேகமே இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி ஆனபோதுதான் கரண்ட் படுத்துவிட்டது. கீழே அவர் போனில் எல்லாம் தெரியுமாம். காலையில் நன்றாக ஏறுகிறது, உச்சி வெயிலில் இறங்கிவிடுகிறது என்றார். பனியா, தூசியா என்று கேட்டார். என் துடைப்பில் குறை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவரிடமும் வந்தது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்தார். மெக்கானிக் ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக, முழு கரண்ட் கொடுத்துக்கொண்டு நின்றன.

போகும்போது முரளி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இந்த மாதமும் இப்படியே இருந்தால் பலகைகளைக் கழற்றிக் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் கொண்டுபோய்விடச் சொல்லி மேலிடத்தில் உத்தரவாம். அதோடு, திட்டத்தில் சேர்ந்தவர்கள் சிலர் வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் அவர்களே விலகிக்கொள்ளலாம் என்றார். திருப்பூர் ஹாஸ்டலின் இரும்புக் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் உச்சிப்பொழுதில், காலையில் மறந்துவிட்ட வாளியை எடுக்கப் பாறைக்குப் போனேன். பலகை ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசை வரிசையாகப் பழைய சேலை விரித்து, ஓரத்தில் கல் வைத்து, ஊர் மிளகு மொத்தமும் அதன் மேல் காய்ந்துகொண்டிருந்தது. பொன்னாயி அத்தை நடுவில் நின்று, கையால் மிளகைத் துழாவிப் புரட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தின கத்தலில் குருவிகள் பறந்தன. அத்தை அசையவில்லை.

"எதுக்குக் கண்ணு இந்தக் கோவம்? நீ கழுவி வெக்கற சுத்தத்துக்குத் தங்கமாக் காயுது. ஒரு தூசி இல்ல, ஒரு கல்லு இல்ல."

"கரண்ட் நின்னு போச்சுங்கத்தை."

"எப்படி நிக்கும்? தொட்டுப் பாரு, சேலைக்கடியில கண்ணாடி சுடுது. வெயிலு எறங்கித்தான இருக்குது? மெளகு வெளிச்சத்தைத்தான் எடுத்துக்குது, சூட்டைப் பலகைக்கே உட்டுடுதே."

ஊர் முழுக்க, சூட்டில்தான் கரண்ட் வருகிறது என்று நம்பியிருக்கிறார்கள். அடுப்பில் சட்டி வைத்தால் சட்டிதானே சூடாகும், அதன் மேல் மூடி இருந்தால் என்ன என்கிற கணக்கு. ஜீப் வந்தால் கீழ் வளைவிலேயே சத்தம் கேட்டுவிடும். மெக்கானிக் மேலே வருவதற்குள் மிளகை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். தப்பு என்று நினைத்து இல்லை, வந்தவர் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதே என்று.

நான் அத்தையின் கையைப் பிடித்துப் பாறை ஓரத்து மீட்டர் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதில் ஓடும் எண்ணைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு வரிசைச் சேலைகளைச் சுருட்டினேன். எண் ஏறியது. திரும்ப விரித்தேன், இறங்கியது. அத்தை என்னை நகர்த்திவிட்டு, தானே ஒருதரம் சுருட்டி விரித்துப் பார்த்தது.

"அப்ப நெழலுதான் ஆவாதா?"

"ஆமாங்கத்தை. இலை நெழலு உழுந்தாக்கூட ஆவாது."

அத்தை சேலை ஓரத்துக் கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டது. பிறகு மெதுவாக, "சரி கண்ணு. அப்ப மெளகை எங்க போடறது?" என்றது.

எங்கள் வீடுகள் எல்லாம் பலா மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில் இருக்கின்றன. வாசலில் வெயில் ஒரு கூடை அளவுக்குத்தான் விழும். பல வீட்டுக் காரைக் கூரையில் வெயில் விழும்தான், ஆனால் ஏறப் படி கிடையாது. தூறல் கண்டதும் ஓடி அள்ள வேண்டிய மிளகை ஏணி வைத்து யார் ஏற்றி இறக்குவது? மிளகு காயப் போட ஊருக்கு இருந்தது இந்தப் பாறை ஒன்றுதான், அதையும் பலகைகள் அடைத்துக்கொண்டன. கோபம் அப்படியே இருந்தது, ஆனால் யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. நான் சொல்லாமலே ஊர் பாறையைக் காலி செய்து வைத்திருந்தது. இறங்கினவர்களில் பாதிப் பேர் வளைவில் தலைசுற்றி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார்கள். ஜவுளிக்கடை வைத்திருக்கும் தரணிதரன் என்பவர், இதில் எந்தப் பலகை தன் வீட்டுக்கு என்று கேட்டார். முரளி சார், எல்லாம் ஒரே கம்பியில் கலந்துவிடும், தனியாகப் பிரிக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். தரணிதரனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவர் மகள் வித்யாஸ்ரீ மட்டும் பாறையைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தாள். இது ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது, முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டாள்.

"சும்மா கெடந்த பாறைங்க," என்றார் முரளி சார்.

ஊர் சிரித்த முகத்தோடு நின்றது. பொன்னாயி அத்தை, "ஆமாங்க," என்று தலையை ஆட்டியது. சில நாள் முன்னால் வரைக்கும் அங்கே நின்று மிளகு புரட்டிய அதே அத்தை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை நிலைக்கும். இனி ஊரும் மிளகைப் போடாது, கரண்ட் ஏறிவிடும். மிளகு எங்கேயாவது நிழலில் கிடந்து பூஞ்சை பிடிக்கும், ஒருத்தரும் என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அந்த நினைப்புத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"சும்மா கெடக்கலீங்க," என்றேன். "இது எங்க ஊரு மெளகு காயற களம். பொண்ணுங்க காலு பட்டுப் பட்டு வழவழன்னு ஆனதுங்க. தையில கரண்ட் கொறைஞ்சது எதனாலன்னா, போட வேற எடம் இல்லாம பலகை மேல மெளகு போட்டாங்க."

முரளி சார் முகம் வெளுத்துவிட்டது. எல்லாரிடமும் கேட்டுத்தானே செய்தேன், எல்லாரும் சரி என்றார்களே என்றார். அவர்கள் என்ன வார்த்தை சொன்னார்கள் என்று தரணிதரன் கேட்டார். பாக்கலாமுங்க என்றார்கள் என்று முரளி சார் சொன்னதும், அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் சொன்னேன். ஊர் முழுக்கத் தரையைப் பார்த்தது.

தரணிதரன் எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்கள விருப்பம் இருந்தாச் சேருங்கன்னுதானுங்க கேட்டீங்க. அதே மாதிரி இவங்களையும் கேளுங்க. அதுக்கப்புறம் நாங்க திட்டத்துல இருக்கறோம்."

முரளி சார் நல்ல மனிதர்தான். பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாறை வேண்டாம் என்றால் வீட்டுக் கூரைகள்தான் வழி, கூரை கொடுக்கிற வீட்டுக்கு அந்தக் கரண்டிலேயே விளக்கும் மிக்சியும் ஓடும் என்றார். ஆனால் பலகைகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். அத்தனை கூரை சேராவிட்டால் கீழேதான் போகும், அவர் கையில் இல்லை. சொல்லிவிட்டு ஊரைப் பார்த்துக் கேட்க வாயைத் திறந்தார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். நேரில் கேட்டால் மறுபடியும் பாக்கலாமுங்கதான்.

"யாருக்கு வேணுமோ அவங்க அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள கூரைச் சருகைக் கூட்டி வெச்சுருங்க. வேண்டாதவங்க சும்மா இருங்க. யாரும் யாரையும் கேக்கப் போறதில்ல," என்றேன்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டதால் கேட்கவும் முடியாது. தண்ணிக்குப் போகிற சாக்கில் ஒவ்வொரு கூரையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். அண்ணாமலை மாமா வீட்டுக் கூரை சுத்தமானது. பாப்பாத்தியும் ராமாயியும் ஒருத்தி கூட்டுவதை ஒருத்தி பார்த்துவிட்டுக் கூட்டினார்கள். ஆனால் சனிக்கிழமை வரைக்கும் கணக்குச் சேரவில்லை. ஊரிலேயே பெரிய கூரை பொன்னாயி அத்தையுடையது. அதன் மேல் சருகு மெத்தை மாதிரி அப்படியே கிடந்தது. மனசு கேட்காமல் வாசலில் போய் நின்றேன். அத்தை புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே, "பாக்கலாம் கண்ணு," என்றது.

வீட்டுக்கு வந்து, திருப்பூருக்குக் கொண்டுபோகிற பையை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். தேன்மொழி அதைப் பார்த்துவிட்டு, தன் பாயை என் பாயோடு ஒட்டி விரித்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

ஞாயிறு விடிந்ததும் மேற்கே அத்தை வீட்டுப் பக்கம் வெட்டுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். பொன்னாயி அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கூரை மேல் நின்று, அரிவாளால் பலாக் கிளையை வெட்டிக்கொண்டிருந்தது. பிஞ்சு கொத்துக் கொத்தாகப் பிடித்த கிளை. வருஷா வருஷம் எங்கள் வீட்டுக்கு முதல் பழம் வருவது அதிலிருந்துதான்.

"என்னங்கத்தை, காய்க்கற கெளைய..."

"கூட்டி வெச்சு என்ன பிரயோசனம்? இந்த நெழலு உழுந்தா உன்ற பெட்டியில நம்பரு எறங்குமே. இதைக் கழிச்சுப்போட்டுத்தான் கூட்டோணும்."

கிளை முறிந்து வாசலில் விழுந்தது. அந்தக் கூரையில் நான் பிறந்ததிலிருந்து வெயில் விழுந்து பார்த்ததில்லை. இப்போது சருகு மேல் பளீரென்று விழுந்தது. கீழ் வளைவில் முரளி சாரின் ஜீப் சத்தம் கேட்டது. அத்தை துடைப்பத்தை எடுத்துக்கொண்டே சொன்னது:

"அந்தப் பையன் வந்து கேட்டா நான் பாக்கலாமுங்கன்னுதான் சொல்லுவேன். நீதான் எடுத்துச் சொல்லோணும். பிஞ்சையெல்லாம் பொறுக்கிக்க, வதங்கிடும். தேன்மொழிக்குக் கொழம்பு வெச்சுக் குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அத்தை கூட்டித் தள்ளின சருகெல்லாம் தலையில் விழ விழ அங்கேயே நின்றேன்.