ஐந்தாம் எண் பாடிய தோடி

எங்கள் ஸ்வரசாதனா சபைக்குப் படுதா வந்ததே ஒரு சண்டையால்தான். நடுவர்கள் தங்கள் சிஷ்யர்களுக்கே மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று நாலு வருடம் முன்னால் ஒரு தகப்பன் மேடையேறி மைக்கைப் பிடுங்கினான். அன்றிலிருந்து பாடுகிறவர்கள் நீலப் படுதாவுக்குப் பின்னால், நடுவர்கள் முன்னால். பெயர் கிடையாது, எண் மட்டும். எல்லோருக்கும் ஒரே ராகம்; இந்த வருடம் இந்துஸ்தானி தோடி.

யார் எந்த எண் என்பது செயலாளர் தேசாயைத் தவிர இரண்டே பேருக்குத் தெரியும். தபலாக்காரன் ஒருவன், ஆர்மோனியத்தோடு உட்காரும் நான் ஒருவன். நான் குண்டேராவ் கட்டி. தார்வாடில் ஆர்மோனியத்துக்குப் பேட்டி என்று பெயர்; பேட்டி மாஸ்தர் என்றால்தான் என்னைத் தெரியும். வாயைத் திறக்கமாட்டோம் என்று இருவரிடமும் கணபதி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கிவிடுவார் தேசாய். தபலாக்காரனுக்கு அதில் சிரமமில்லை. அவன் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். எனக்குத்தான் வயிறு உப்பிவிடும்.

இந்த வருடம் மூன்று நடுவர்களில் மூத்தவர் பண்டிதர் சென்னபசய்யா சாலிமட். அவர் மகள் சுவர்ணாவும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். மகள் பாடும்போது தகப்பன் எப்படி மார்க் போடுவது என்று யாரோ கேட்டதற்கு, "படுதா எதுக்கய்யா கட்டியிருக்கீங்க, துணி காயப்போடவா?" என்று சாலிமட் திருப்பிக் கேட்டார். தேசாய் அடங்கிவிட்டார். சாலிமட் முன்னால் அடங்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை.

ஒருத்தி இருந்தாள். ரேணுகா. ஒன்பது வருடம் அவரிடம் கற்றவள். அப்பா இறந்தபின் ஹுப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. விடியற்காலை ஐந்து மணிப் பாடத்துக்கு வர முடியவில்லை. சாயங்காலம் வரட்டுமா என்று கேட்டாள். சாயங்காலம் பஜ்ஜி தின்னும் நேரம், பாட்டுக்கு இல்லை என்றார். அவள் ஹுப்பள்ளியில் கேல்கர் புவா என்ற இன்னொரு வித்வானிடம் போய்ச் சேர்ந்தாள். அதோடு ஆறு வருடமாக அவள் பெயரை அவர் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

சபையில் ஜெயித்தவருக்கு ஆண்டு விழாவின் முதல் காலைக் கச்சேரி. அதைப் பாடியவர்களைத்தான் பூனாவிலிருந்தும் பெலகாவியிலிருந்தும் கூப்பிடுவார்கள். முப்பது வயதுக்கு மேல் போட்டிக்கு வர முடியாது. ரேணுகாவுக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. அவளுக்கு இதை விட்டால் வேறு கிடையாது.

படுதாவுக்குப் பின்னால் அவளைப் பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. அவள் எண் ஐந்து.

"மாஸ்தர், குருஜி முன்னாடி இருக்காரா?" என்று கிசுகிசுத்தாள்.

"நடுவுல உட்கார்ந்திருக்கார். கேல்கர் பாணியில பாடிட்டுப் போயிடும்மா. உன்னைக் கண்டுபிடிச்சார்னா முட்டைதான்."

"போடட்டும். அவர் சொல்லிக்கொடுத்த தோடியைத்தான் பாடப்போறேன். ஆறு வருஷமா அவர் கேக்கல."

இவளுக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவளுக்கு முன்னால் இரண்டாம் எண்ணாக சுவர்ணா பாடினாள், அதைச் சொல்ல வேண்டும். சாலிமட் வீட்டுத் தோடியில் முதல் நாலு ஸ்வரத்தைத் தாண்டவே பத்து நிமிடம் ஆகும். பஞ்சமத்தைத் தொடுவதற்குள் எனக்கு உட்கார்ந்த இடம் மரத்துவிடும். சுவர்ணா இரண்டே நிமிடத்தில் பஞ்சமத்தில் நின்றாள். அப்புறம் மேலே ஏறி, சரசரவென்று வேகப் பிருகாக்களை உதிர்த்தாள். அது அப்பட்டமாகக் கேல்கர் பாணி. என் விரல்கள் கட்டைகளில் அவளைத் துரத்திக்கொண்டு ஓடின. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. முடித்ததும் அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா கண்டுபிடிச்சிருப்பாரா மாஸ்தர்?"

எனக்கு என்ன தெரியும்? படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய "ஹூம்" மட்டும் கேட்டது.

ரேணுகா பாடியபோது கூடத்தில் ஒரு இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த நாலு ஸ்வரத்தையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், சாலிமட் எப்படி வைப்பாரோ அப்படியே வைத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தபலாக்காரன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினான்.

ஆறு பேரும் பாடி முடித்தபின், மார்க் தாள் எழுதுவதற்கு முன்னால், டீயும் மிளகாய் பஜ்ஜியும் வந்தன. சாலிமட் மற்ற இரண்டு நடுவர்களிடமும் கூடம் முழுக்கக் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் நம்பர் யாருன்னு எனக்குத் தெரியும். நம்ம இலையில சாப்பிட்டுட்டு அடுத்த வீட்டுத் திண்டியைப் புகழ்றவ. ஒன்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன். பாருங்க, ஒரு ஸ்வரமாவது மிச்சம் வச்சிருக்காளா?"

பிறகு என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கண் சிவந்திருந்தது.

"மாஸ்தரே, அஞ்சாம் நம்பர்... நம்ம குழந்தைதானே?"

மகளை ரேணுகா என்று நினைத்திருக்கிறார், ரேணுகாவை மகள் என்று. ஓடிப்போனவளிடம் தன் பாட்டு இருக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் ரேணுகா தொலைந்தாள். சொல்லாமல் விட்டால் சுவர்ணா. நான் ஒரு முழு பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டு, ஆமாம் என்றும் கொள்ளலாம் இல்லை என்றும் கொள்ளலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. ரேணுகா ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன்.

தேசாய் மார்க்கைக் கூட்டினார். மற்ற இருவரும் இரண்டாம் எண்ணுக்கும் ஐந்தாம் எண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே மார்க் போட்டிருந்தார்கள். சாலிமட் இரண்டாம் எண்ணுக்குப் பத்துக்கு இரண்டும், ஐந்தாம் எண்ணுக்குப் பத்துக்குப் பத்தும் போட்டிருந்தார். பத்துக்குப் பக்கத்தில், 'இவளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் பாக்கி எதுவும் இல்லை' என்று எழுதியும் இருந்தார். தேசாய் அதைக் கொஞ்சம் நாடகமாகவே வாசித்தார். பிறகு படுதாவை விலக்கச் சொன்னார்.

ஐந்து என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு ரேணுகா நின்றாள். இரண்டு என்ற அட்டையோடு சுவர்ணா.

சாலிமட் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"தேசாய், அந்தத் தாளைக் கொடுங்க. எண் மாறிப்போச்சு. திருத்தணும்."

மூன்று நடுவர்களும் கையெழுத்துப் போடாமல் முடிவு செல்லாது; சாலிமட்டின் கையெழுத்து இன்னும் விழவில்லை. தேசாய் தாளை நீட்டியும் நீட்டாமலும் நின்றார். ரேணுகா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் பேசியிருக்கலாம். வாய் நிறைய நியாயம் இருந்தது, தைரியம்தான் இல்லை.

சுவர்ணா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். தேசாய் கையிலிருந்து தாளை வாங்கி அப்பா முன்னால் வைத்தாள். பேனாவின் மூடியையும் திறந்து வைத்தாள்.

"எண்ணெல்லாம் மாறலப்பா. கையெழுத்துப் போடுங்க."

"நீ சும்மா இரு. இவ யாருன்னு உனக்குத் தெரியாதா? நம்மள விட்டுட்டுப் போனவ."

"ரேணுகா அக்கா வீட்டை விட்டுப் போனா. உங்க பாட்டை விட்டுப் போனது நான். அதுக்குத்தான் ரெண்டு மார்க் போட்டிருக்கீங்க. சரியாத்தான் போட்டிருக்கீங்க."

சாலிமட் தான் எழுதிய அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரேணுகா வந்து அவர் காலைத் தொட்டாள். அவர் அவள் தலையில் கை வைக்கவில்லை. "பாட்டோட பின்பாதியில ரெண்டாவது வரியை இழுத்துட்டே" என்றார்.

"ஆமா குருஜி" என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

நான் ஆர்மோனியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்துவிட்டது. சாலிமட் நாற்காலியை விட்டு எழவில்லை. எதிரே மகள் நின்றிருந்தாள்.

"கேல்கர்கிட்டப் போனியா?"

"இல்லப்பா. போன்ல அவர் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பிடிச்சேன்."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா. காலையில உங்க முன்னாடி சாதகம் பண்ணும்போதே நடுநடுவுல வரும். நீங்க ஒருநாளும் திட்டல. உங்களுக்கும் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு வருஷம் தினமும் உன் எதிர்ல உட்கார்ந்திருக்கேன்" என்றார். "நான் எதைக் கேட்டுட்டிருந்தேன், சுவர்ணா?"