ஐந்தாம் மேடையில் மஞ்சள் இல்லை

என் மாமனாரை யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். வீட்டிலும் சரி, இந்தத் துப்பாக்கி ரேஞ்சிலும் சரி. ரேஞ்சைக் கட்டியவரே அவர்தான். என்னை இங்கே பாதுகாப்பு அதிகாரியாக உட்கார வைத்ததும் அவர்தான். "வாயுள்ளவ. இந்த வேலைக்கு அதுதான் வேணும்" என்றார். அந்த வாய் அவர் பக்கமே திரும்பும் என்று பாவம், நினைத்திருக்கமாட்டார்.

அன்று ஐந்தாம் மேடையில் அவர் சுட்டுக்கொண்டிருந்தபோது டார்கெட் தொங்கும் சட்டம் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் வரவும் இல்லை, போகவும் இல்லை. மாமா பொத்தானைப் போட்டுக் குத்து குத்தென்று குத்தினார். நான் மணியடித்து எல்லாரையும் நிறுத்தினேன்.

மணி அடித்தால் செய்ய வேண்டியது இதுதான். குண்டு அடைத்த மேகசினை முதலில் உருவ வேண்டும். அதற்குப் பிறகு துப்பாக்கியின் மேல்பாகத்தை இழுத்து, உள்ளே ஏறியிருக்கும் ஒற்றைக் குண்டை வெளியே தள்ள வேண்டும். காலியான இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவைச் செருகி, வால் வெளியே தெரிய மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நிற்க வேண்டும். எல்லா மேடையிலும் மஞ்சள் தெரிந்தால்தான் பக்கவாட்டுக் கதவுக்கான ஸ்விட்சை நான் தட்டுவேன். பழுது பார்க்கிறவர் அந்த வழியாகத்தான் டார்கெட் பக்கம் போக முடியும். போய், சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுதான் அதன் திருகாணியைக் கழற்ற முடியும்.

பழுது பார்க்கிறவர் என் கணவர். கதவுக்கு வெளியே, பக்கத்து நடையில் ஸ்பானரோடு தயாராக நின்றார்.

மாமா மட்டும் நாடா வைக்கமாட்டார். அவரிடம் போய் நாடா கேட்பது, சமையல்காரரிடம் கை கழுவினீர்களா என்று கேட்பது மாதிரி. கேட்காமலே எல்லாருக்கும் பழகிவிட்டது.

அந்த நேரம் நான் இரண்டாம் மேடையில் சுட வந்திருந்த பல் டாக்டரின் நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் இரும்பு இழுபடும் சத்தம். அப்புறம் மேகசின் மேசையில் விழும் சத்தம். மேகசின் உள்ளே இருக்கும்போதே இழுத்தால் ஒரு குண்டு வெளியே விழும், அடுத்த குண்டு ஜம்மென்று உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு மேகசினை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன?

சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

"மாமா, நாடா."

"யாருக்கு, எனக்கா?"

பல் டாக்டர் சிரித்தார். "அவருக்கேவாம்மா? அங்க கிளினிக்ல நாலு பேரு வாயத் திறந்துகிட்டு உக்காந்திருக்காங்க. சீக்கிரம் விடுங்க."

"கொஞ்ச நேரம் மூடிக்கச் சொல்லுங்க" என்றேன். "மாமா, மேகசின எடுக்கறதுக்கு முன்னாடியே இழுத்துட்டீங்களோன்னு தோணுது. ஒரு தடவ திறந்து காட்டுங்க."

"தோணுதா? பாத்தியா?"

"பாக்கல. கேட்டேன்."

"கேட்டாளாம்" என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னார். பிறகு உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு குண்டு இருந்தது. "உள்ள இருந்தது இதோ வெளிய வந்தாச்சு. இதுக்கு மேல என்ன காட்டணும்?"

கண்ணெதிரே குண்டு. எந்த வரிசையில் இழுத்தாலும் முதல் குண்டு வெளியே வரத்தான் செய்யும். நானே போய்த் திறந்து பார்த்துவிடலாம். ஆனால் அடுத்தவர் துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. எழுத வைத்த புண்ணியவானும் மாமாதான்.

இன்டர்காமில் கணவரின் குரல் வந்தது. "என்ன, அங்க மாநாடா நடக்குது? கதவ விடும்மா."

"உங்கப்பா துப்பாக்கியத் திறந்து காட்டமாட்டேங்கறார்."

"அட, விட்டுத்தொலை. அப்பா அதுல எல்லாம் தப்பு பண்ணமாட்டார்."

என் விரல் ஸ்விட்ச் மேலேயே இருந்தது. தட்டிவிட்டால் வம்பு தீரும். ராத்திரி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய மனிதர் வேறு. எனக்குக் கோபம் வந்தால் முதலில் அழுகைதான் முட்டிக்கொண்டு வரும், சனியன், அப்போதும் வந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"கதவ நான் திறக்கல. நீங்க அங்கயே நில்லுங்க."

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "நாலு பேரு முன்னாடி என்னைப் பொய்யனாக்கற. சரி. உனக்கு வேண்டியது என்ன, காலின்னா கிளிக்குனு ஒரு சத்தம் வரணும், அவ்வளவுதானே?"

"மாமா, எடுக்காதீங்க."

எடுத்தார். சிக்கி நின்ற சட்டத்துக்கு நேராக நீட்டினார். அழுத்தினார்.

வெடித்தது.

பல் டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோட்டாவின் காலிக் கூடு உருண்டு வந்து என் செருப்பில் முட்டி நின்றது. மாமா நீட்டிய கையை மடக்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கீழ வைங்க" என்றேன். வைத்தார்.

"கொன்னிருப்பீங்க" என்றேன். மரியாதையெல்லாம் எங்கே போனதோ. "பெத்த பிள்ளையக் கொன்னிருப்பீங்க மாமா. நான் பயந்து செத்துட்டேன்."

மாமா பெட்டியிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார். துப்பாக்கியைத் திறந்து செருகப் பார்த்தார். நுனி எங்கெங்கோ இடித்தது. நான் உதவிக்குப் போகவில்லை. ஒருவழியாக மஞ்சள் வால் வெளியே தொங்கியது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். திரும்பி வந்து ஸ்விட்சைத் தட்டினேன்.

கதவைத் திறந்துகொண்டு கணவர் நிலைப்படியில் வந்து நின்றார். இன்டர்காமில் பேசி முடித்ததும் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டதால் எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை, யாரோ கடைசியாகச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். டார்கெட்டை எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா, நட்ட நடுவுல. யாரு சுட்டது?"

"நான்தான்" என்றார் மாமா. "நீ நிக்கவேண்டிய எடத்துல."

கணவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா மெல்ல நடந்து வந்து மகன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டார். "நீ இங்கயே இரு. நான் கழட்டறேன்" என்றார். கதவைத் தாண்டி, சுவரோரமாகவே போய், சட்டத்துக்கு முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஸ்பானரைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

"எல்லா மேடையிலயும் மஞ்சள் தெரியுதாம்மா?"

"தெரியுது மாமா."

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லு."

முதல் மேடையிலிருந்து மறுபடி பார்த்துக்கொண்டு வந்தேன்.