ஐயாவு கோப்பி குடித்த மூன்று வாரம்

ஜனங்களிடம் கேட்டால் பொய்தான் சொல்வார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கவனி, உண்மை தானாக வந்து விழும் என்று பேராசிரியை சொன்னதை ஜெரமி வேதவாக்காக எடுத்துக்கொண்டான். பழைய ரப்பர் தோட்டத்து ஆண்கள் ஏன் இப்படிக் குடிக்கிறார்கள் என்பது அவனுடைய முதுகலை ஆராய்ச்சி. ஈப்போவிலிருந்து தினமும் மோட்டாரில் சுங்கை சிப்புட் வந்து, லியோனார்டின் பீர்க்கடையில் மூலை நாற்காலியைப் பிடித்து, பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தான்.

அன்றே கடைக்குச் சனி பிடித்தது. "வீட்டு மனு போட்டிருக்கோம்ல, நோட்டம் பார்க்க கவர்மெண்ட்ல ஆள் அனுப்பிட்டானுங்க லா!" என்று தினசரி வாடிக்கையாளர் ஐயாவு கிசுகிசுத்தார். அவ்வளவுதான், பாட்டில்கள் மாயமாயின.

"நான் ஸ்டூடண்ட்தான் அங்கிள்" என்று ஜெரமி தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான்.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்றார் ஐயாவு. பத்து வருஷமாக நிதானத்தோடு வீடு திரும்பாத அந்த மகானுபாவர், பால் விடாத கோப்பி ஓவை உறிஞ்சியபடி, "உடம்புதான் முக்கியம் தம்பி" என்று அவனுக்கே புத்தி சொன்னார்.

மூன்று வாரத்தில் ஜெரமி எழுதியது ஒரே வரி: 'இங்கே யாரும் குடிப்பதில்லை.' பேராசிரியை போனில் வெடித்தார். "நீ உட்கார்ந்தது கடையிலயா, சர்ச்சிலயா? வியாழனோட மூட்டையக் கட்டு!"

வியாழக்கிழமை ஐயாவுவின் மனைவி புனிதா ஒரு டப்பா மீ கோரெங் நூடுல்ஸோடு அவன் மோட்டார் அருகில் வந்து நின்றாள்.

"இன்னும் ஒரு மாசம் இருங்க தம்பி. இப்பதான் அவரு நேரா வீட்டுக்கு வாராரு. முன்னெல்லாம் மோட்டார் சத்தம் கேட்டாலே சின்னவ கட்டிலுக்கு அடியில ஓடிருவா. இப்ப அப்பாகூட உட்கார்ந்து சாப்பிடுறா."

ஜெரமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதே மூன்று வாரத்தை அல்லவா அவன் சபித்துக்கொண்டிருந்தான்! "முடியாதுக்கா" என்றான்.

புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப அந்த நோட்டையாச்சும் குடுங்க."

எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நோட்டைக் கொடுத்தான்.

மறுநாள் மாலை, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் கடை வாசலிலேயே நின்றுவிட்டான். பாட்டில்கள் திரும்பி வந்திருந்தன. மூலை நாற்காலியில் புனிதா இருந்தாள், மடியில் நோட்டு, கையில் பேனா.

"ஏய், இங்க என்னடி பண்ற?" என்று எகிறினார் ஐயாவு, கையில் பாட்டிலோடு.

"ஒரு கேள்விதான். போன தீபாவளி அன்னிக்கு சின்னவ எங்க தூங்கினா?"

ஐயாவு பாட்டிலைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார்.

"தெரியல" என்றார்.

மூன்று வாரத்தில் அந்தக் கடையில் ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. புனிதா எழுதிக்கொண்டாள்.