மாடியில் படபடத்த சோலார்

ஆலை அலுவலகத்தின் மொட்டை மாடியில் சோலார் பலகைகள் படபடத்துக்கொண்டிருந்தன.

ஸ்கூட்டரை நிறுத்திய வினோதினி வாசலிலேயே நின்றுவிட்டாள். சோலார் பலகை மின்னலாம், சூடாகலாம். படபடக்கக் கூடாது. அதுவும் போக, நேற்று மாலை அவள் வீட்டுக்குக் கிளம்பும்வரை அந்த மாடியில் துணிக்கொடியைத் தவிர எதுவும் இல்லை.

“மாமா!”

செல்லதுரை டீ கிளாஸோடு வெளியே வந்தார். அவளுடைய அம்மாவின் தம்பி, இந்த ஆலையின் மேனேஜர். முகத்தில் பந்தல் போட்டு முடித்த பெருமிதம்.

“எப்புடி பாப்பா? அரியலூர் ஃபிளெக்ஸ் கடையில சொல்லி அடிச்சு வாங்கிட்டேன். ரோட்டுலேருந்து பாத்தா நெஜ பேனல் தோத்துடும்!”

“ஃபிளெக்ஸா?” வினோதினி மாடியை உற்றுப் பார்த்தாள்.

பெரம்பலூர் – அரியலூர் சாலையில் அவள் நடத்தும் அந்த ஆலையில், செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை நறுக்கி, மின்சார உலர்த்தியில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். ஜெர்மனியில் சூப் தயாரிக்கும் கம்பெனி ஒன்று வருடம் முழுக்க வாங்கத் தயார். ஒரே நிபந்தனை. காயவைக்கிற மின்சாரம் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்ததற்கு ஆதாரம் வேண்டும். அதைச் சோதிக்கச் சென்னையிலிருந்து இன்று ஆய்வாளர் வருகிறார். அவருக்குத் திருப்தியில்லை என்றால் ஆர்டர் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இந்த சீசனோடு வேலை முடிந்தது.

ஆதாரத்துக்கு அவள் முன்பே வழி செய்துவிட்டாள். ஆலையின் தகரக் கூரை பேனல் தாங்காது, அலுவலக மாடியில் இடம் போதாது என்று தெரிந்ததும் நேராக மின்வாரிய அலுவலகத்துக்குப் போனாள். பெரிய இணைப்பு வைத்திருப்பவர்கள் விரும்பிக் கேட்டால் பச்சை மின்சாரம் தருவார்களாம். யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. நாம் எரிக்கும் அளவுக்கு, காற்றாலையிலும் சோலாரிலும் கிடைத்த யூனிட்டை நம் பேரில் கணக்கு வைத்து, சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தாள். சான்றிதழும் வந்து, மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

“அதே கம்பம், அதே கம்பி. ஒரு காயிதத்த நீட்டுனா யாரு நம்புவா?” என்றார் செல்லதுரை. “கண்ணுக்கு ஒண்ணு தெரியணும் பாப்பா!”

“என்ன தெரியுதுன்னு நீங்களே பாருங்க. அந்த ஓரத்துல கை கூப்பிக்கிட்டு நிக்கிறது யாரு?”

செல்லதுரை அண்ணாந்து பார்த்தார். டீ கிளாஸ் சாய்ந்தது.

“அட கிறுக்குப் பய! பேனல் மட்டும் போடுடான்னு சொன்னேனே... பழக்க தோசத்துல என் போட்டோவையும் போட்டு ‘வருக வருக’ன்னு அடிச்சிருக்கான்!”

“கழட்டுங்க மாமா. இப்பவே!”

செல்லதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியேறினார். ஒரு பக்கக் கயிறை அறுத்தார். கேட்டில் ஹாரன் ஒலித்தது. வெள்ளைக் கார் உள்ளே திரும்பியது. ஆடி மாதக் காற்று அதற்காகவே காத்திருந்தது போல, ஃபிளெக்ஸை ஒரே உருவாக உருவியது. சோலார் பலகைகள் மொத்தமும் மாடியை விட்டுக் கிளம்பி, வேப்பமரத்தைத் தாண்டி, காரின் முன்கண்ணாடியை அப்படியே போர்த்தின.

கார் குலுங்கி நின்றது.

கதவைத் திறந்து இறங்கினாள் ஆய்வாளர் கீதாஞ்சலி. ஃபிளெக்ஸின் ஓரத்தை விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“இவர் யாரு?”

“எங்க மாமா, மேடம்.”

“சோலார் பேனலுக்கு மேல ஏன் நிக்கிறார்?”

வினோதினி அவளை அலுவலக அறைக்கு அழைத்துப் போய், சான்றிதழை எடுத்து நீட்டினாள். செல்லதுரையும் பின்னாலேயே வந்தார். கீதாஞ்சலி வாங்கிப் பார்த்தாள். சிரிக்கவே இல்லை.

“இதுவும் அதே கடையில அடிச்சதா?”

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. வினோதினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எங்க பேச்ச நீங்க நம்ப வேணாம் மேடம். மின்வாரியத்துக்கு நீங்களே பேசுங்க. நம்பர் எங்கிட்ட கேக்காதீங்க, அவங்க இணையதளத்துல எடுங்க.”

கீதாஞ்சலி போனை எடுத்துத் தேடினாள், அழைத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். உதவிப் பொறியாளர் குழந்தைவேல் பேசினார். கீதாஞ்சலி விஷயத்தைச் சொன்னாள்.

“மேடம்... செல்லதுரை சார் பக்கத்துல இருக்காரா?”

“இருக்கார். ஏன்?”

“ஐயோ, மறுபடியுமா!” என்றது குரல். “போன வாரம் பூரா எங்க ஆபீஸ்லதான் மேடம் குடியிருந்தாரு. எந்தக் காத்தாடி சுத்துன கரண்டு எனக்கு வருது, காட்டுன்னாரு. கரண்டு எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரும், கணக்குதான் தனின்னு சொன்னேன். அப்ப எனக்கு வித்த யூனிட்ட இன்னொருத்தனுக்கும் வித்துட்டா என்ன பண்றதுன்னாரு. கணக்கத் தொறந்து காட்டுன பொறவுதான் எந்திரிச்சாரு. சான்றிதழ் நம்பரப் படிங்க, பாத்துச் சொல்றேன்.”

கீதாஞ்சலி படித்தாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

“நாங்க குடுத்ததுதான் மேடம். யூனிட்டும் சரியா இருக்கு.”

கீதாஞ்சலி போனை வைத்துவிட்டு, கதவோரம் ஒண்டி நின்ற செல்லதுரையிடம் திரும்பினாள்.

“இவ்வளவு விசாரிச்சிட்டு எதுக்கு சார் ஃபிளெக்ஸ்?”

“எனக்கு நம்பிக்கை வந்துருச்சுங்க மேடம். ஒங்களுக்கு வரணும்ல?”

கீதாஞ்சலியால் அடக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

“ஒரே யூனிட்ட ரெண்டு பேருக்கு வித்திருக்காங்களான்னு கேக்கத்தான் நானே நேர்ல வந்தேன். அந்த வேலைய இவர் முடிச்சிட்டார்.” பேனாவை எடுத்தாள். “மாசாமாசம் கரண்ட் பில்லும் சான்றிதழும் சேர்ந்து எனக்கு வரணும் வினோதினி. வேற எதுவும் பறந்து வரக் கூடாது.”

கையெழுத்து விழுந்தது.

கார் கிளம்பியதும் வினோதினி நறுக்கும் கூடத்துக்கு ஓடினாள். கத்திகள் நின்றன. “கெடச்சிருச்சாக்கா?” என்றாள் மஞ்சு, முன்வரிசையிலிருந்து.

“வருசம் பூராவும்!”

கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ தட்டைத் தூக்கிப் போட்டார்கள். செல்லதுரை எல்லாருக்கும் பரோட்டா என்று அறிவித்தார்.

“மேனேஜர் சார், ஒரு சந்தேகம்,” என்றாள் மஞ்சு. “பச்சை கரண்டுல காயவெச்சா வெங்காயத்துக்குக் காரம் கொறையுமா?”

செல்லதுரை தாடையைத் தடவினார். “நல்ல கேள்வி. குழந்தைவேல் சார ஒரு எட்டு பாத்துக் கேட்டுட்டு வந்துடறேன்.”

வினோதினி முந்திக்கொண்டு அவருடைய பைக் சாவியை எடுத்து ஒளித்தாள்.