பூச்சி மருந்து

மண்ணூர்பேட்டை ஷெட்டில் நாங்கள் கட்டிய பூச்சிகளை ஒரு மீன்கூடக் கடித்து நான் பார்த்ததில்லை. எல்லாம் கப்பலேறி வெள்ளைக்காரன் தேசத்துக்குப் போய்விடும். அங்கே மீன் பிடிக்கிறவன் புழு கோக்க அருவருத்து, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியைத் தண்ணீரில் வீசுவானாம். மீனும் நிஜமென்று நம்பி வாயைத் திறக்குமாம்.

"மீனை ஏமாத்தறதுக்குக்கூட நம்ம கைதான் வோணுமா இவனுங்களுக்கு?" என்பாள் பொன்னம்மாள். அவள் மண்ணூர்பேட்டைக்காரியேதான். பேச ஆரம்பித்தால் மிஷின் சத்தம் தோற்கும்.

முள்ளைச் சின்ன வைஸ் இடுக்கியில் இறுக்கி, வாலுக்கு நாலு இழை வைத்து, உடம்புக்கு மயிலிறகு சுற்றி, அதன்மேல் ஜரிகை ஓட்டி, கழுத்தில் சேவல் இறகை வளைத்துத் தலையில் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு அவிழாமலிருக்க ஊசி முனையால் ஒரு சொட்டு வார்னிஷ். பூச்சிக்குப் போடுகிற மருந்துதானே என்று யாரோ விளையாட்டாக ஆரம்பித்து வைக்க, ஷெட்டில் எல்லோருக்கும் அந்த வார்னிஷ் 'பூச்சி மருந்து' ஆகிவிட்டது. "பூச்சி மருந்தை இப்டி தள்ளுடி" என்று நாள் முழுக்கக் கேட்கும். புதிதாக வருகிறவள் முதல் நாள் பதறுவாள். மறுநாள் அவளும் அப்படித்தான் கேட்பாள்.

எங்களில் கைநேர்த்தி ஜஹானாராவுக்குத்தான். பூந்தமல்லியிலிருந்து வருவாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, அந்த வருஷம்தான் தங்கியிருந்தது. 'கல்யாண றெக்கை' கட்ட அவளை விட்டால் ஆளில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பறவைகளின் இறகிலிருந்து கீற்றுக் கீற்றாக எடுத்து, பக்கத்தில் பக்கம் வைத்து நீவினால் ஒரே இறகாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு ஈரம் வேண்டும். நாங்கள் விரலில் எச்சில் தொட்டுக்கொள்வோம். அவள் கீற்றை உதட்டுக்கு நடுவே வைத்து மெல்ல இழுப்பாள்.

எண்பத்தேழில், மாசி மாதம், அந்த மரப்பெட்டி வந்தது. உள்ளே பழைய பறவைத் தோல்கள், இறகோடு. எந்தக் காலத்திலோ யாரோ சுட்டுப் பாடம் பண்ணி வைத்தவை. கண் இருந்த இடத்தில் பஞ்சு. இறகின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. எனக்கு முதல் பார்வையிலேயே அது பிடிக்கவில்லை.

சூப்பர்வைசர் கங்காதரன் தன் கண்ணாடி ரூமை விட்டு வாசல் வரை வந்தார். அவர் சென்னீர்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பில் எழுதி, ஸ்கூட்டரில் போகிறவர். எங்கள் பேச்சு அவர் காதில் விழாது.

"இந்தத் தோலுக்கெல்லாம் ஏற்கெனவே பூச்சி மருந்து போட்டிருக்கு. பாத்து செய்யுங்க" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

"அதான் இப்டி வெறச்சிகினு கீது" என்றாள் பொன்னம்மாள். "ஜஹானாரா, மருந்து காஞ்சி கீது பாரு, நல்லா எச்சி போட்டு நீவு. இல்லாங்காட்டி ஒட்டாது."

எல்லோரும் தலையாட்டினோம். வார்னிஷ் காய்ந்தால் விறைக்கும், அது எங்களுக்குத் தெரிந்ததுதானே. ஜஹானாரா எப்போதும் ஒரு தடவை இழுப்பவள், மூன்று தடவை இழுத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாந்தி எடுத்தது. மூன்றாம் மாதம், மசக்கை என்றோம். புளிப்பு மாங்காய் வாங்கிக் கொடுத்தோம். விரல் நுனி மரத்துப்போகிறது என்றாள், ரத்தம் இல்லை, முருங்கைக்கீரை தின்னு என்றோம். எங்கள் ஷெட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை.

நோன்பு வந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கட்டாயமில்லை என்று மாமியார் ரசூல் பீவி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "ஒம்போது வருஷம் அல்லா கிட்ட கேட்டு வாங்கினது பத்மாக்கா. நோம்பு உட மாட்டேன்" என்றாள் என்னிடம். நோன்பில் இறகை வாயில் வைக்கக்கூடாதே. கொட்டாங்கச்சியில் ஈரத்துணி வைத்துக்கொண்டாள். நாளாக ஆக வாந்தி குறைந்தது. கன்னம் தெளிந்தது. பெருநாளன்று பிரியாணி கொண்டுவந்தபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்கே திருஷ்டி கழிக்கத் தோன்றியது.

"பட்னி கெடந்தா ஒடம்பு தேறுதுன்னா, வருஷம் பூரா கெடடி" என்று பொன்னம்மாள் கிண்டல் செய்தாள்.

நோன்பு முடிந்ததும் ஈரத்துணி போய்விட்டது, எச்சில் திரும்பி வந்தது. கூடவே வாந்தியும். இப்போது உள்ளங்கைத் தோல் தடித்தது. தலைமுடி சீப்போடு வந்தது. நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது. நகத்தில் வெள்ளை விழுந்தால் புதுத்துணி வரும் என்பார்களே, அதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். குழந்தைக்குச் சட்டை வருகிறது என்றாள்.

ஆடி பிறந்த வாரம், லீவு கேட்கக் கண்ணாடி ரூமுக்குப் போனேன். கங்காதரன் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு தோலை நியூஸ் பேப்பரால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வாளிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். மறுபடியும் சோப்புப் போட்டார்.

"என்ன சார், செத்த குருவியத் தொட்டதுக்குத் தீட்டா?" என்றேன்.

"பூச்சி மருந்தும்மா. அன்னிக்கே சொன்னேனே."

"வார்னிஷுக்கா இவ்ளோ பயம்?"

அவர் ஈரக் கையோடு என்னைப் பார்த்தார். "வார்னிஷா? யார் வார்னிஷ்னு சொன்னது? தோல பூச்சி அரிக்காம இருக்க அந்தக் காலத்துல பாஷாணம் தடவுவாங்க. ஆர்சனிக்."

"விஷம்னு சொல்றதுக்கென்ன சார்?" என்று கத்தினேன்.

"விஷம்னு சொன்னா எவ தொடுவா?" என்றார். குரல் தணிந்திருந்தது.

இப்போது நினைத்தாலும் என் ரத்தம் கொதிக்கிறது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு நாக்கு எழவில்லை. தன் கையை மட்டும் இரண்டு தடவை கழுவத் தெரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜஹானாரா நீலக் கீற்று ஒன்றை உதட்டுக்கு நடுவே வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி அவள் கையைத் தட்டிவிட்டேன். வைஸ் சாய்ந்து விழுந்தது. "ஐயோ அக்கா, பாதி றெக்கை!" என்றாள் கோபமாக. குழாயடிக்கு இழுத்துப்போய் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். விஷயம் புரிந்ததும் பொன்னம்மாள் ஓடிவந்து சொம்பு சொம்பாய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

ஆட்டோவில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் மெதுவாகச் சொன்னேன். ஜஹானாரா முந்தானையால் நாக்கைத் துடைத்தாள். வானகரம் தாண்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "எனக்குத்தானே அக்கா? வயித்துக்குள்ள போயிருக்காதில்ல?" என்றாள். இல்லை என்றேன்.

டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். நகத்தைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு படுக்க வைத்து வயிற்றில் குழலை வைத்தாள். ஒரு இடத்தில் கேட்டாள். நகர்த்தினாள். மறுபக்கம் வைத்து, ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.

"கொழந்தை அசையுதாம்மா?"

ஜஹானாராவின் முகம் மலர்ந்தது. பயந்துகொண்டிருந்தவளுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்துவிட்டது.

"முன்னெல்லாம் ஒரே சேட்டை டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் ஒதைக்கும். முந்தாநாள்லேந்து ரொம்ப சமத்து. அசையாம தூங்குது."

டாக்டரம்மா குழலைக் காதிலிருந்து எடுத்தாள். அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"இவங்க வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க" என்றாள்.