அவரோடு புதைத்த நம்பர்

பதுளைக் கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மிப்ரான் நல்ல செய்தியோடுதான் தொடங்கினான். "வைரஸ் எல்லாம் போச்சு அக்கா. விண்டோஸ் புதுசா போட்டாச்சு. அண்ணன்ட பாட்டு ஃபைல் அப்படியே இருக்கு."

சிவசக்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவள் கணவன் ஜெயரூபன் பாடாத வருசமில்லை. போன திருவிழாவுக்கென்று இந்தக் கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு செய்யத் தொடங்கியவன், திருவிழா வருவதற்குள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். நாளை அவனுக்கு வருசம் திரும்புகிறது. படையல் போடும்போது அந்தக் குரல் வீட்டில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

கம்ப்யூட்டருக்கு யாருடைய ஆசை தெரியும்? பாட்டைத் திறக்கும் மென்பொருள் முறைத்துக்கொண்டு நின்றது. வாங்கியவர் நீதானா என்று கேட்டது. பதிந்திருக்கும் நம்பருக்கு ஒரு கோட் அனுப்புவேன், அதைப் போட்டால்தான் வேலை செய்வேன் என்றது.

"அண்ணன்ட ஃபோன் எங்க அக்கா?"

சிவசக்தி தலையைக் குனிந்தாள். "பெட்டிக்குள்ள வச்சுப் பொதச்சிட்டோம் தம்பி."

போகிறவருக்குப் பிடித்ததைக் கூடவே வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கம். சிலருக்கு வெற்றிலைப் பை, சிலருக்கு இடுப்பில் கட்டப் புதுச் சாரம். ஜெயரூபன் கையை விட்டு இறங்காதது ஃபோன்தான். அவளே அதை அவன் சட்டைப்பையில் செருகினாள். அதன்பிறகு ஒருநாளும் அந்த நம்பருக்கு அழைக்கவில்லை. தேயிலைக்கு நடுவே, மண்ணுக்கடியில் மணியடித்துவிடுமோ என்று பயம்.

"பாவிக்காத நம்பர கம்பெனி வேற ஆளுக்குக் குடுத்திருக்கும். எடுத்துப் பாருங்க அக்கா."

'அவரு' என்று பதிந்திருந்த நம்பரை அழுத்தினாள். மணியடித்தது. ஒரு பெண் "ஹலோ" என்றாள். ஜெயரூபன் இன்னொரு தடவை செத்தான்.

ஹல்துமுல்லையில் இருக்கும் ஸிஹாமா அவள். சிவசக்தி விசயத்தைச் சொல்லி, வரப்போகும் கோடைக் கேட்டாள். "கோட் எல்லாம் யாருக்கும் சொல்லப்படாது. ஏமாத்துற ஆக்கள் எத்தின பேர்!" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள்.

"ஏமாத்தலம்மா. இது எங்க வீட்டுக்காரரு நம்பரு. செத்துப் போயிட்டாரு. அவரு பாடுன பாட்டு உள்ள மாட்டிக்கிச்சு."

"சரி அக்கா, அனுப்பச் சொல்லுங்க" என்றாள் அவள்; மிப்ரான் கோடுக்கு அழுத்தினான். பிறகு ஸிஹாமா தனக்கு வந்த எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிப்ரான் தட்டத் தட்ட, மென்பொருள் வழிவிட்டது.

தொண்டையைச் செருமும் சத்தம். அவனேதான். "சக்தி, கதவ கொஞ்சம் சாத்து. ரெக்கோட் பண்றேன்."

அடுத்து வந்தது சிவசக்தியின் குரல், எரிந்து விழுந்தபடி. "வேலைக்குப் பேர் பதியிற பெரட்டுக்கு நேரமாச்சு, இப்பதான் பாட்டா? பாட்டு எங்கயும் ஓடிறாது. பொறகு பாடுங்க!"

அவன் சிரித்தான். "சரி சரி, பொறகு பாடுறேன்."

அத்தோடு நின்றது. மிப்ரான் கம்ப்யூட்டர் முழுக்கத் துழாவிப் பார்த்தான். பாட்டு எங்குமே இல்லை. 'பொறகு பாடுங்க' என்று தான் சொன்னது சிவசக்திக்கு ஞாபகம்கூட இல்லை. எத்தனையோ காலைகளில் ஒரு காலை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு பாட்டு நேரம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்!

மேசையில் இருந்த ஃபோன் அடித்தது. திரையில் 'அவரு' என்று வந்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, மனசு கேக்கல்ல, அதான் எடுத்தேன்" என்றாள் ஸிஹாமா. "பாட்டு கெடச்சதா?"

"கெடச்சிச்சும்மா" என்றாள் சிவசக்தி. "நல்லா பாடியிருக்காரு."